கீறிய தட்டு, நிறுத்திய பாட்டு: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் எஸ்.ஏ.பி.சி. எனும் தென்னாப்பிரிக்க ஒலிபரப்புக் கழகம் நிறவெறி ஆட்சிக் காலத்தில் பாட்டுகளைத் தடுத்து வைத்தது பற்றி நான்கு வரி எழுதியிருந்தோம். அதைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கி, பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: பழைய சாமான் கடையில் ஒரு எல்.பி. இசைத்தட்டு வாங்கினேன். இரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு பாட்டின் மேல் மட்டும் ஆணியால் இழுத்த மாதிரிக் கீறல். உறையில் வானொலி நிலைய முத்திரை இருக்கிறது. ‘ஏதோ பிள்ளை கீறியிருக்கும்’ என்கிறார் எங்கள் அண்ணன். அந்தப் பாட்டை மீட்க வழி உண்டா? (சாட்ஸ்வொர்த்)

பிள்ளை கீறினால் பாட்டு பார்த்துக் கீறாது. தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே பளபளப்பான மெல்லிய பட்டை தெரியும். தவறி விழுந்த கீறல் அந்தப் பட்டையைத் தாண்டி அடுத்த பாட்டுக்குள்ளும் ஓடும். உங்கள் தட்டில் கீறல் இரண்டு பட்டைகளுக்கு இடையிலேயே தொடங்கி அங்கேயே நின்றுவிட்டால், அது வேண்டுமென்றே செய்த வேலை. எஸ்.ஏ.பி.சி. இசைத்தட்டு நூலகத்தில் இது வழக்கமாக நடந்தது. வாரந்தோறும் ஒரு குழு கூடும். புதிதாக வந்த தட்டுகளின் பாடல் வரிகளைப் படித்துப் பார்த்து, ஆகாததைக் குறிக்கும். உறையில் ‘தவிர்க்க’ என்ற பொருளில் ஒட்டுத்தாள் ஒட்டுவார்கள். அதையும் மீறி யாராவது அறிவிப்பாளர் ஊசியை வைத்துவிடக் கூடாதே என்று சில தட்டுகளில் அந்தப் பாட்டையே கூர்மையான கருவியால் கீறிவிடுவார்கள். மற்றப் பாட்டுகள் ஒலிபரப்புக்குத் தேவை என்பதால் தட்டை உடைப்பதில்லை. சிக்கனமான தணிக்கை!

மீட்பது கீறலின் போக்கைப் பொறுத்தது. நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராக ஓடிய கீறலானால் நல்லது. ஊசி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை அதைக் கடக்கும், ‘டப்’ என்று ஒரு சத்தம் வரும். 33⅓ வேகத் தட்டில் அது 1.8 நொடிக்கு ஒரு முறை, 45 வேகத்தில் 1.33 நொடிக்கு ஒரு முறை, 78 தட்டில் ஏறக்குறைய 0.77 நொடிக்கு ஒரு முறை கேட்கும். இப்படிச் சீராக வரும் சத்தத்தைக் கணினியில் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துவிடலாம். பள்ளத்தோடு ஒட்டி நீளவாக்கில் ஓடிய கீறல்தான் தொல்லை. ஊசி அதில் ஏறி வேறு பள்ளத்துக்குத் தாவிவிடும்.

செய்முறை: முதலில் கீறலைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதுவே ஓர் ஆவணம். தட்டைக் காய்ச்சி வடித்த நீரில் ஓரிரு சொட்டு வாசனையில்லாத பாத்திரச் சோப்பு கலந்து, மென்மையான துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, வெறும் நீரில் அலசுங்கள். 78 வேகத் தட்டு அரக்கில் செய்ததானால் ஸ்பிரிட் பக்கமே போகக் கூடாது, அரக்கு கரைந்துவிடும். எல்.பி.க்கு 18 முதல் 25 மைக்ரான் முனை உள்ள ஊசி வேண்டும். 78-க்கு 75 மைக்ரான் அளவு. எல்.பி. ஊசியை 78-இல் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியில் உரசி இரைச்சல்தான் தரும்.

ஊசி தாவினால் பலர் ஊசியைப் பிடித்திருக்கும் தலைப்பகுதியின் மேல் காசு வைக்கிறார்கள். வேண்டாம். ஊசியைத் தாங்கும் நுண்ணிய தண்டு வளைந்துவிடும், நல்ல பள்ளங்களும் தேயும். தயாரிப்பாளர் சொன்ன எடை வரம்பின் மேல் அளவுக்கு, உதாரணமாக 1.5 முதல் 2 கிராம் என்றிருந்தால் 2-க்கு, ஏற்றுங்கள். அதற்கு மேல் வேண்டாம். இந்த வேலைக்கு விலை குறைந்த ஊசி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பதிவை 24 பிட், 96 கிலோஹெர்ட்சில் எடுத்தால் ‘டப்’ சத்தம் கூர்மையாகப் பதியும், மென்பொருள் அதைச் சுலபமாகக் கண்டுபிடிக்கும். முதல் பதிவைத் தொடாமல் வைத்துவிட்டுப் பிரதியில் வேலை செய்யுங்கள்.

தாவல் அதிகமாக இருந்தால் சண்டை போட வேண்டாம். கீறியது நிலையத்துப் பிரதியை மட்டும்தான். அதே தட்டு கடையில் விற்றிருந்தால் கீறாத பிரதி எங்கோ இருக்கும். அதிலிருந்து அந்தப் பாட்டை எடுங்கள், உங்கள் தட்டை அப்படியே பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: அரசியல் பாட்டைத் தடுத்தார்கள் என்றால் புரிகிறது. காதல் பாட்டையும் தடுத்தார்களாமே? (டோங்காட்)

ஆமாம். பாட்டில் என்ன இருக்கிறது என்பதைப் போலவே பாடியவர் யார் என்பதும் பார்க்கப்பட்டது. 1985 மார்ச்சில் ஸ்டீவி வொண்டர் தன் ஆஸ்கர் விருதை நெல்சன் மண்டேலாவின் பெயரால் ஏற்றுக்கொண்டார். மறுநாளே எஸ்.ஏ.பி.சி. அவருடைய பாட்டுகள் அனைத்தையும் நிறுத்தியது. விருது வாங்கித் தந்தது தொலைபேசியில் அன்பைச் சொல்லும் ஒரு சாதுவான பாட்டு, அதில் அரசியல் கடுகளவும் கிடையாது. அதற்கு முன் 1966-இல் பீட்டில்ஸ். கிறிஸ்துவைவிடத் தங்களுக்குச் செல்வாக்கு அதிகம் என்ற பொருளில் ஜான் லெனன் பேசியதற்காகக் குழுவின் பாட்டு முழுவதையும் தடுத்தார்கள். 1971 வரை அது நீடித்தது. நம் நாட்டுப் பாடகி மிரியம் மகேபா 1963-இல் ஐ.நா.வில் நிறவெறி ஆட்சிக்கு எதிராகச் சாட்சி சொன்ன பிறகு அவர் குரலுக்கே இங்கே இடமில்லாமல் போனது.

இன்னொரு வகை, பாட்டு எழுதப்பட்டபோது இல்லாத பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொள்வது. பிங்க் ஃப்ளாய்டின் ‘அனதர் பிரிக் இன் த வால்’ இங்கிலாந்துப் பள்ளிக்கூடத்தைப் பற்றியது. 1980-இல் சமமில்லாத கல்வியை எதிர்த்து வகுப்புகளைப் புறக்கணித்த மாணவர்கள் இங்கே அதைத் தங்கள் பாட்டாக்கிக்கொண்டார்கள். அந்த ஆண்டு மே மாதம் தடை விழுந்தது.

இவை தவிரச் சில்லறைக் காரணங்கள் ஏராளம்: கெட்ட வார்த்தை, போதைப்பொருள், படுக்கையறை, கடவுள் நிந்தனை, வணிகப் பெயரைச் சொல்வது. எங்கள் பார்வையில் எல்லாவற்றிலும் விநோதமானது மொழிக் கலப்பு. கறுப்பின மக்களுக்கென 1960 முதல் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனி நிலையம் வைத்திருந்தார்கள். சுலு நிலையத்தில் சுலு மட்டும், சோதோ நிலையத்தில் சோதோ மட்டும். தெருவில் எல்லோரும் கலந்து பேசும் மொழியில் பாடினால் எந்த நிலையமும் எடுக்காது. மக்களைப் பிரித்து வைப்பதுதான் கொள்கை என்றால், அவர்கள் கலந்து பேசுவதே குற்றம்தானே!

கேள்வி: தடை செய்த ரெக்கார்டை வீட்டில் வைத்திருந்தாலே பிடித்துப் போவார்கள் என்று தாத்தா சொல்வார். ரேடியோவில் வராதது எல்லாம் சட்டவிரோதமா? (லெனேசியா)

இல்லை. இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். இரண்டு வேறு கதவுகள் இருந்தன.

ஒன்று வானொலியின் கதவு. எஸ்.ஏ.பி.சி.யின் குழு தடுத்தால் அந்தப் பாட்டு அலைவரிசையில் வராது, அவ்வளவுதான். கடையில் வாங்கலாம், வீட்டில் போடலாம், கல்யாண வீட்டில் ஆடலாம். இன்னொன்று அரசின் கதவு. 1974-ஆம் ஆண்டு வெளியீடுகள் சட்டம் ஐந்து காரணங்களை வைத்திருந்தது: ஆபாசம், மத நிந்தனை, ஒரு பிரிவினரை இழிவுபடுத்துவது, பிரிவினரிடையே உறவைக் கெடுப்பது, நாட்டின் பாதுகாப்புக்குக் கேடு. வெளியீடுகள் இயக்குநரகம் இதில் ஏதாவது ஒன்றைச் சொல்லித் தடுத்தால் விற்பதும் பரப்புவதும் குற்றம். சிலவற்றுக்கு இன்னும் ஒரு படி மேலே போய், கையில் வைத்திருப்பதே குற்றம் என்று அறிவிப்பார்கள். தாத்தா சொன்னது இந்த வகை. பாடகர் ரோஜர் லூசியின் 1979 இசைத்தட்டு இதில் மாட்டியது. அதோடும் விடவில்லை, பாதுகாப்புப் போலீஸ்காரர் ஒருவர் அவர் பாடிய விடுதியின் காற்றுக்குழாயில் கண்ணீர்ப்புகையைச் செலுத்தினார்.

இயக்குநரகம் தானாகத் தேடிப் போகாது. போலீசோ சுங்கத்துறையோ பொதுமக்களில் ஒருவரோ கொண்டுபோய்க் கொடுத்தால்தான் ஆராயும். அதனால் புத்தகங்களோடு ஒப்பிட்டால் அரசு தடுத்த இசைத்தட்டுகள் கொஞ்சம்தான். வானொலி தடுத்ததோ மிக அதிகம். வானொலியில் வராத தட்டு விற்காது, விற்காததைக் கம்பெனி பதிவு செய்யாது, பதிவு ஆகாது என்று தெரிந்ததை எழுத ஆள் இருக்காது. போலீஸ் வராமலே காரியம் முடிந்துவிடும். இதனால்தான் வானொலிக் குழுவின் தடையை அரசின் தடையைவிடப் பெரிய தடை என்கிறோம்.

கேள்வி: அந்தக் குழுவை ஏமாற்றிவிட்டு வந்த பாட்டு ஏதாவது உண்டா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

உண்டு. குழுவின் பலவீனம் என்னவென்றால், அது காகிதத்தை நம்பியது. கம்பெனி தட்டோடு பாடல் வரிகளைத் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும், குழு அதைப் படிக்கும். காகிதத்தில் ராகம் தெரியாதே! பிரைட் ப்ளூ குழுவின் ‘வீப்பிங்’ 1987-இல் வந்தது. வரிகளில் பெயர் எதுவும் இல்லை, ஓர் ஆளும் அவன் அடைத்து வைத்த பூதமும்தான். ஆனால் இசைக்குள் அன்று தடையில் இருந்த விடுதலைப் போராட்ட கீதமான ‘ந்கோசி சிகெலெல் ஐஆஃப்ரிகா’வின் மெட்டு நுழைந்திருந்தது. அரசு வானொலியான ரேடியோ 5-இலேயே அது முதலிடத்துக்குப் போனது. பாடகர் சிக்கோ ட்வாலா வேறு வழி பிடித்தார். ‘மண்டேலா’வை ‘மனெலோ’ ஆக்கி, உன்னைக் காணாமல் தவிக்கிறோம் என்று பாடினார். காகிதத்தில் அது யாரோ காணாமல் போன ஆள். கேட்டவர்களுக்குத் தெரியும்.

கேள்வி: வீட்டில் பழைய ரேடியோ செட் ஒன்று இருக்கிறது, எஃப்.எம். மட்டும்தான். அந்தக் காலத்தில் வெளிநாட்டு நிலையங்களை எதில் கேட்டார்கள்? (மவுண்ட் எட்ஜ்கம்)

சிற்றலையில். அதைக் குறைக்கத்தான் உங்கள் செட் போன்றவை பரவலாக வந்தன. 1961 முதல் அரசு நாடெங்கும் எஃப்.எம். கோபுரங்களைக் கட்டியது. ஒலி துல்லியம், இரைச்சல் இல்லை. ஆனால் எஃப்.எம். அலை ஏறக்குறைய பார்வை எட்டும் தூரம்தான் போகும், வெளிநாட்டிலிருந்து வராது. சிற்றலை வான்மண்டலத்தில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். எஃப்.எம். மட்டும் உள்ள மலிவு செட்டை வாங்கியவர் காதில் லுசாக்காவும் லண்டனும் விழாது. லுசாக்கா, லுவாண்டா போன்ற இடங்களிலிருந்து வந்த ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசின் ரேடியோ ஃப்ரீடத்தைக் கேட்பது சிறைக்குப் போகும் குற்றம்.

நடுவில் இன்னொரு வழியும் இருந்தது. மொசாம்பிக்கின் லோரன்சோ மார்க்கஸிலிருந்து (இன்றைய மபூட்டோ) வந்த எல்.எம். ரேடியோ 1975-இல் நின்ற பிறகு, 1979 டிசம்பரில் டிரான்ஸ்கையிலிருந்து கேபிடல் ரேடியோ மத்திய அலையில் 604 கிலோஹெர்ட்சில் தொடங்கியது. 1980-இல் போபுதட்ஸ்வானாவிலிருந்து ரேடியோ 702. அரசே ‘தனி நாடு’ என்று அறிவித்த இடங்கள் என்பதால் எஸ்.ஏ.பி.சி.யின் பட்டியல் அங்கே செல்லாது. தானே போட்ட வேலியில் தானே மாட்டிக்கொண்டார்கள்.

கேள்வி: ரேடியோ லோட்டஸும் தடைகளுக்குக் கட்டுப்பட்டதா? நம் தமிழ்ப் பாட்டை யார் தணிக்கை செய்தார்கள்? (வெருலம்)

லோட்டஸ் 1983 ஜனவரியில் டர்பனிலிருந்து தொடங்கியது. இந்தியர்களுக்கென்று எஸ்.ஏ.பி.சி. வைத்த நிலையம் அது, ஆகவே கழகத்தின் விதிகள் அதற்கும் உண்டு. தொடங்கிய காலத்தையும் கவனியுங்கள். அதே ஆண்டு நவம்பரில்தான் இந்தியருக்கும் கலப்பினத்தவருக்கும் தனி அவை, கறுப்பினத்தவருக்கு ஒன்றுமில்லை என்ற அரசியல் சட்டத்துக்கு வெள்ளையரிடம் வாக்கெடுப்பு நடந்தது. 1984-இல் அந்த அவைக்கு நடந்த தேர்தலை நம்மில் பெரும்பாலோர் புறக்கணித்தோம். ஆனால் நிலையத்தைப் புறக்கணிக்கவில்லை. காலையில் பக்திப் பாட்டும் தமிழ்க் குரலும் கேட்க வேறு எங்கே போவது? இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பது எங்கள் கருத்து.

தமிழ்ப் பாட்டுக்கு வந்த பெரிய தடை எஸ்.ஏ.பி.சி.யிடமிருந்து வரவில்லை. நிறப் பாகுபாட்டை எதிர்த்து 1946-இலேயே இந்தியா இந்த நாட்டோடு வணிகத்தை நிறுத்திவிட்டது. 1968-இலிருந்து ஐ.நா.வும் கலை உறவைத் துண்டிக்கச் சொன்னது. இசைத்தட்டும் கலைஞர்களும் நேராக வருவது நின்றது. இந்தத் தடை நமக்காகப் போட்டது, நாமும் ஆதரித்ததுதான். ஆனாலும் ஒரு தலைமுறை அதற்கு விலை கொடுத்தது.

இன்றைய நிலை வேறு. 1996 அரசியல் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, வளர்த்துப் பேணி மதிக்க வேண்டிய மொழிகளின் பட்டியலில் தமிழைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. நிகழ்ச்சி நேரம் கேட்டு நிலையத்துக்கு எழுதுகிறவர்கள் இந்தப் பிரிவைக் குறிப்பிட மறக்காதீர்கள்.

கேள்வி: 2002-இல் நம்மைத் திட்டி ஒரு சுலு பாட்டு வந்ததே, அதைத் தடுத்தார்களே. ‘அவர்கள் செய்தால் தணிக்கை, நமக்காகச் செய்தால் நியாயமா?’ என்று என் மகன் கேட்கிறான். என்ன பதில் சொல்வது? (பீனிக்ஸ்)

பிள்ளை சரியாகத்தான் கேட்கிறார். மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

பாட்டு ம்போங்கேனி ந்கேமாவின் ‘அமாந்தியா’. இந்தியர்கள் கறுப்பினத்தவரைச் சுரண்டுகிறார்கள் என்றும், அவர்களை எதிர்கொள்ளத் துணிந்த ஆண்கள் வேண்டும் என்றும் அது போனது. விவாதத்தைத் தொடங்கவே எழுதினேன் என்றார் அவர். சுலு வானொலியான உகோசி எஃப்.எம்.மில் அது ஒலித்ததை எதிர்த்து மனித உரிமை ஆணையம் பி.சி.சி.எஸ்.ஏ. எனும் ஒலிபரப்புப் புகார் ஆணையத்திடம் போனது. இந்தியர்கள் என்ற இனம் முழுவதன் மேலும் வெறுப்பைத் தூண்டுவதாகவும், ஒலிபரப்பு நெறிமுறையை மீறுவதாகவும் ஆணையம் தீர்ப்பளித்தது.

பழைய தடைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? முதலாவது, எழுதி வைத்த எல்லை. அரசியல் சட்டத்தின் 16-ஆம் பிரிவு பேச்சுரிமையைத் தருகிறது, அதன் இரண்டாம் உட்பிரிவு மூன்றை மட்டும் வெளியே வைக்கிறது: போருக்குப் பிரசாரம், உடனடி வன்முறைக்குத் தூண்டுதல், இனம், மதம், பால் அடிப்படையில் தீங்கு செய்யத் தூண்டும் வெறுப்பு. ‘நாட்டின் பாதுகாப்பு’ என்று எதையும் இழுத்துக்கொள்ளும் வாசகம் அங்கே இல்லை. இரண்டாவது, வரிசை. அன்று ஒலிபரப்புக்கு முன்பே மூடிய அறையில் முடிவு செய்தார்கள். இன்று ஒலிபரப்பான பிறகு, புகார் வந்து, நிலையத்தின் பதிலையும் கேட்டு, காரணத்தை எழுதி வெளியிடுகிறார்கள். பிடிக்கவில்லை என்றால் அந்தக் காரணத்தோடு நீங்கள் மல்லுக்கட்டலாம்.

இன்னொன்றையும் மகனிடம் சொல்லுங்கள். சுரண்டல் பற்றிப் பாடுவது குற்றமில்லை. ஒரு கடைக்காரர் கூலியைக் குறைத்தார் என்று பாடலாம், பாட வேண்டும். ஓர் இனம் முழுவதையும் ஒரே ஆளாக்கி அடிக்கச் சொல்வதுதான் எல்லையைத் தாண்டுகிறது. எல்லை எங்கே என்று நீதிமன்றங்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. ‘துபுல் இபுனு’ (‘போயரைச் சுடு’) என்ற, வெள்ளை ஆட்சிக்கு எதிரான போராட்டப் பாட்டை 2011-இல் சமத்துவ நீதிமன்றம் வெறுப்புப் பேச்சு என்றது. 2022-இல் அதே வகை நீதிமன்றம் வேறொரு வழக்கில் இல்லை என்றது. 2024-இல் மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றமும் அந்த இரண்டாம் தீர்ப்பையே ஏற்றது. அந்தப் பாட்டைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ‘அமாந்தியா’வை மட்டும் நிறுத்துவது சரியா என்று கேட்கிறவர்கள் உண்டு. எங்கள் பதில்: போராட்டக் காலத்து அடையாளமாக மேடையில் பாடப்படும் பழைய பாட்டும், இன்றைய அண்டை வீட்டாரைக் குறிவைத்து எழுதிய புதுப் பாட்டும் ஒன்றல்ல. ஆனால் 1949-இல் இந்தியர்களுக்கு எதிராக நடந்த கலவரத்தை நேரில் கண்ட டர்பன்காரருக்கு இந்த வித்தியாசத்தைப் புரியவைப்பது கடினம் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

கேள்வி: ரேடியோவில் வந்த பாட்டு பற்றிப் புகார் செய்வது எப்படி? இரண்டு முறை எழுதியும் ஏற்கவில்லை. (லாடியம்)

பெரும்பாலும் கீழே உள்ளவற்றில் ஒன்றில்தான் தவறியிருப்பீர்கள்.

புகார் ஒலிபரப்பான நாளிலிருந்து 30 நாட்களுக்குள் பி.சி.சி.எஸ்.ஏ.வுக்கு எழுத்தில் போய்ச் சேர வேண்டும். நிலையத்துக்கு முதலில் எழுதுவது மரியாதைதான். ஆனால் அவர்கள் பதிலுக்குக் காத்திருந்து 30 நாளையும் கோட்டை விடுகிறவர்கள் பலர். இரண்டையும் ஒரே நாளில் அனுப்புங்கள். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், ஆனால் உங்கள் பெயர் வேண்டும். பெயரில்லாக் கடிதம் குப்பைக்குத்தான்.

நிலையத்தின் பெயர், தேதி, மணி, நிகழ்ச்சியின் பெயர், பாட்டின் பெயர் ஆகியவை முதல் பத்தியிலேயே இருக்கட்டும். ‘போன வாரம் காலையில்’ என்றால் பதிவைத் தேடி எடுக்க முடியாது. வாட்ஸ்அப்பில் சுற்றும் துண்டை வைத்து எழுதாதீர்கள், அது எந்த நாளில் எந்த நிலையத்தில் வந்தது என்று யாருக்குத் தெரியும்? யூடியூபில் கேட்டது ஒலிபரப்பு ஆகாது. நாளை வரப்போகும் பாட்டை நிறுத்தச் சொல்லியும் கேட்க முடியாது. வந்ததைப் பற்றித்தான் புகார்.

பாட்டு வேறு மொழியில் இருந்தால், ஆட்சேபமான வரிகளை அந்த மொழியிலேயே எழுதி, கீழே மொழிபெயர்ப்பு கொடுங்கள். ‘எங்களைத் திட்டினான்’ என்பது போதாது. எந்த வரி, யாரை, என்ன செய்யச் சொல்கிறது என்று காட்ட வேண்டும். வெறுப்பைக் காட்டுவது மட்டும் போதாது, தீங்குக்குத் தூண்டுதலும் இருக்க வேண்டும். நிறைய புகார்கள் இங்கேதான் விழுகின்றன. மனம் புண்பட்டது என்பது தனியாக ஒரு காரணம் ஆகாது. பாட்டு எந்தச் சூழலில் வந்தது என்பதையும் எழுதுங்கள். அதைப் பற்றி விவாதிக்கும் செய்தி நிகழ்ச்சியில் சில வரிகளைப் போடுவதும், கேளிக்கை நேரத்தில் முழுதாக ஓட விடுவதும் நெறிமுறையின் கண்ணில் ஒன்றல்ல.

ஆபாசப் புகாரானால் நேரம்தான் முக்கியம். பிள்ளைகள் அதிகம் கேட்கும் நேரமா என்று பார்ப்பார்கள். பள்ளிக்கு வண்டி ஓட்டும் காலை வேளை என்றால் அதைக் குறிப்பிடுங்கள்.

சில சமுதாய வானொலிகள் பி.சி.சி.எஸ்.ஏ.வில் சேரவில்லை. அவற்றின் மேலான புகார் ஒலிபரப்பு உரிமம் தரும் அரசு அமைப்பான இக்காசாவின் புகார்க் குழுவுக்குப் போக வேண்டும். தவறான முகவரிக்கு எழுதிக் காலத்தை விடாதீர்கள். முதலில் நிலையத்திடமே ‘உங்கள் மேலான புகார் எங்கே போகும்?’ என்று கேளுங்கள், சொல்வார்கள்.

கேள்வி: நாங்கள் தமிழில் ராப் பாடும் பையன்கள். பாட்டில் இரண்டு இடத்தில் கெட்ட வார்த்தை. நிலையம் ‘கிளீன் வெர்ஷன்’ கேட்கிறது. ‘பீப்’ போட்டுக் கொடுத்தோம், அதையும் திருப்பிவிட்டார்கள். என்ன செய்வது அண்ணே? (மியர்பேங்க்)

‘பீப்’ வேண்டாம் தம்பி. இங்கே திட்டியிருக்கிறோம் என்று மணியடித்துச் சொல்வது அது, பாட்டின் தாளமும் கெடும். குரல் தனித் தடத்தில் இருந்தால் அந்தச் சொல்லில் குரலை மட்டும் மௌனமாக்கி, இசையை ஓட விடுங்கள். வெட்டும் இடத்தில் இரண்டு பக்கமும் 5 முதல் 10 மில்லிநொடிக்கு ஒலியைத் தேய்த்து இறக்கி ஏற்றாவிட்டால் ‘டிக்’ என்று கேட்கும். எதிரொலித் தடத்தையும் பாருங்கள். குரலை வெட்டிவிட்டு எதிரொலியை மறந்தால் அதே வார்த்தை அரை நொடி கழித்துப் பின்னால் கேட்கும். பெரும்பாலும் திரும்பி வருவது இதனால்தான். பின்குரல்களையும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

தனித் தடம் இல்லை, கலந்து முடித்த கோப்பு மட்டும்தான் என்றால், முந்திய சுற்றில் அதே தாள இடத்தில் உள்ள வெறும் இசையை எடுத்து அந்த இடத்தில் ஒட்டுங்கள். சொல்லைத் தலைகீழாகத் திருப்புவதும் உண்டு, தமிழில் அது பெரும்பாலும் கோமாளித்தனமாகக் கேட்கும். நடு உயிரை மட்டும் வெட்டுவதால் பயனில்லை. முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் காதில் விழுந்தால் மீதியை மூளை நிரப்பிக்கொள்ளும்.

தமிழில் இன்னும் இரண்டு சிக்கல். சொற்கள் ஒன்றோடொன்று புணர்ந்து வருவதால் கெட்ட வார்த்தையை வெட்டினால் அடுத்த சொல்லின் தலையும் போய்விடும். அடுத்தது எதுகை. அடிதோறும் இரண்டாம் எழுத்தை ஒத்து வைத்திருப்பீர்கள். முந்திய அடியைக் கேட்டவனுக்கு மௌனத்தில் என்ன இருந்தது என்று தானாகவே தெரிந்துவிடும். ஆகவே முக்கியமான இடத்தில் வெட்டுவதைவிட அந்த அடியையே வேறு எதுகையில் எழுதி, அதே மைக்கில், அதே தூரத்தில் நின்று மறுபதிவு செய்வதுதான் நேர்த்தி. முதல் பதிவு நடக்கும் நாளிலேயே இரண்டு வடிவத்தையும் பாடி வைத்துக்கொண்டால் குரல் மாறாது.

கொடுக்கும்போது 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் கோப்பாகக் கொடுங்கள். கோப்பின் பெயரிலேயே ‘ரேடியோ’ என்று இருக்கட்டும், அசலும் திருத்தியதும் ஒரே பெயரில் இருந்து தவறானது ஒலிபரப்பானால் பழி நிலையத்துக்கு, அடுத்த பாட்டுக்கு இடமில்லை உங்களுக்கு. முழுப் பாடல் வரியும் ஆங்கில மொழிபெயர்ப்பும் கூடவே வையுங்கள். தேர்வு செய்பவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம், புரியாத பாட்டைப் பயந்து ஒதுக்கிவிடுவார். ஒவ்வொரு பதிவையும் அடையாளம் காட்டும் ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணை, இசைத்தட்டுக் கம்பெனிகளின் சங்கமான ரைசாவின் மூலம் வாங்குங்கள். திருத்திய வடிவத்துக்குத் தனி எண் வேண்டும். எழுதியவர், மெட்டமைத்தவர் பெயரை, இசைப் படைப்பாளிகளுக்கான உரிமைத்தொகை வசூலிக்கும் சாம்ரோவில் பதிந்தால்தான் ஒலிபரப்புக்குப் பணம் வரும்.

கேள்வி: உள்ளூர்ப் பாட்டு விகிதம் என்கிறார்களே, தேவாரமும் சினிமாப் பாட்டும் நாங்கள் பாடினால் கணக்கில் வருமா? (ஆக்டன்வில்)

சட்டம் நான்கு கேள்வி கேட்கிறது, இரண்டுக்காவது ‘ஆம்’ வேண்டும். வரிகளை எழுதியவர் தென்னாப்பிரிக்கக் குடிமகனா? மெட்டமைத்தவர் குடிமகனா? முதன்மையாகப் பாடி வாசித்தவர்கள் குடிமக்களா? முழுக்க இங்கே நடந்த நேரடி நிகழ்ச்சியின் பதிவா?

இந்தியச் சினிமாப் பாட்டை ஸ்டூடியோவில் நீங்கள் பாடினால் மூன்றாவதுக்கு மட்டும் ‘ஆம்’, கணக்கில் வராது. அதையே கோயில் மேடையில் பாடி அந்த நேரடிப் பதிவைக் கொடுத்தால் இரண்டு ‘ஆம்’. தேவாரத்துக்குப் பழைய பண்ணிலேயே ஸ்டூடியோப் பதிவு என்றால் ஒன்று, உள்ளூர்க்காரர் புது மெட்டு அமைத்தால் இரண்டு. இந்தியாவிலிருந்து ஒப்பந்தத்தில் வந்த நாதஸ்வரக்காரர்தான் முதன்மை என்றால் மூன்றாவதும் போய்விடும். சினிமாப் பாட்டை மறுபதிவு செய்து வெளியிட, பதிவு உரிமையைக் கவனிக்கும் கபாசோ அமைப்பிடம் உரிமமும் வாங்க வேண்டும்.

2016 மே மாதம் எஸ்.ஏ.பி.சி. தன் எல்லா நிலையங்களுக்கும் 90 சதவீதம் உள்ளூர்ப் பாட்டு என்று திடீரென்று அறிவித்தபோது லோட்டஸ் தடுமாறியதற்கும் இந்தக் கணக்குதான் காரணம். இந்தியாவிலிருந்து வரும் பாட்டையே நம்பிய நிலையத்தில் போட அவ்வளவு உள்ளூர்ப் பதிவு கைவசம் இல்லை, கேட்கிறவர்கள் கலைந்தார்கள், அடுத்த ஆண்டே கழகம் பின்வாங்கியது. இக்காசாவின் விதி பொது நிலையங்களுக்கு 70 சதவீதமும் வணிக நிலையங்களுக்கு 35 சதவீதமும் கேட்கிறது. காவடிக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. நேரடிப் பதிவுக்கு மைக்கை எங்கே வைப்பது, ஒலிபெருக்கியின் ஊளை பதிவில் ஏறாமல் எப்படித் தடுப்பது என்று கேட்டு எழுதியவர்களுக்கு அடுத்த இதழில் பதில்.